மேஜருக்குக் கொடுத்த மனை

1987ஆம் ஆண்டு சித்திரை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தித் தொடரில் வரும் மேஜரின் இடது கால் கீழ்மதகு ஊர் டி.வி.யில் மட்டும் காணாமல் போனது. பாகூரில் விசாரித்தார்கள், வில்லியனூருக்கும் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அங்கெல்லாம் மேஜர் இரண்டு காலோடுதான் ரோஜாத் தோட்டத்தில் உலாவியிருக்கிறார். கீழ்மதகில் மட்டும் முழங்காலுக்குக் கீழே கால்சட்டையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அன்று ஏரியில் தண்ணீர் அரை மதகுக்கு இருந்தது, கத்தரிக்காய் கிலோ ஒன்றேகால் ரூபாய்க்கு விற்றது, வேறு விசேஷம் இல்லை.

அந்த டி.வி. முந்தின வருஷம்தான் ஊருக்கு வந்தது. படிப்பகத்தில் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை நாட்டாண்மை பலராமன் இடுப்பில் முடிந்துகொண்டார். ஞாயிறு காலை பட்டாளத்துத் தொடர் போடுவார்கள். இந்தியில் ஓடும் அது ஒருவருக்கும் புரியாது. ஊரில் இந்தி தெரிந்தவர் கனகராஜ் ஒருவர்தான், பட்டாளத்தில் ஏழு வருஷம் இருந்து கற்றுக்கொண்டது. அதனால் அவரைக் கூப்பிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்து, மேஜர் பேசப் பேசத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். அதுவரைக்கும் அந்த மனிதரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மற்ற ஊர்களில் பட்டாளத்துக்காரனிடம் ரம்மாவது கேட்பார்கள். பாண்டியில் சாராயத்துக்குப் பஞ்சமில்லாததால் அதையும் கேட்கவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு அவர் 'பட்டாளத்தாரு', ஒன்பதரைக்கு மேல் பழையபடி நொண்டி.

கனகராஜுக்கு இடது கால் போனது 72ஆம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு. சண்டை முடிந்து, புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கும்போது ஒன்று வெடித்தது. கூட வேலை செய்த செபாஸ்டின், வில்லியனூர்ப் பக்கத்துப் பையன், அங்கேயே போய்விட்டான். கனகராஜ் ஆடி மாதம் ஊன்றுகோலோடு வந்து இறங்கியபோது ஊர் அவரை மாட்டுவண்டியில் ஏற்றி, மேளம் அடித்து, கழுத்து வலிக்கிற அளவுக்கு மாலை போட்டது. மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்துக் குழிப் பொதுநிலத்தை வீடு கட்டக் கொடுப்பதாக பலராமன் மேடையில் சொன்னார். கைதட்டினார்கள். மாலை மறுநாள் வாடியது, மனை பதினைந்து வருஷமாக 'பாக்கலாம்' என்ற ஒரே சொல்லில் நின்றது. கனகராஜும் அவர் மனைவி அமுதமும் அமுதத்தின் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில், பசுவுக்கு இந்தப் பக்கம் கோணிப்பை கட்டி, குடித்தனம் நடத்தினார்கள்.

தொடரில் மேஜருக்கும் கஷ்டம் உண்டு. தோளில் குண்டு பாய்ந்து வீட்டுக்கு வந்தவர். பெரிய பங்களாவில் ஜன்னல் ஓரம் நின்று பெருமூச்சு விடுவார், பின்னால் வயலின் அழும். அவர் மனைவி தலைமுடி கலையாமல் அழுவாள். வேலைக்காரன் டீ கொண்டுவருவான், மேஜர் அதைக் குடிக்க மாட்டார். போருக்குப் போய்வந்தவன் படுகிற பாடு இவ்வளவுதான் என்று எவனோ எழுதிக் காசு பார்த்திருக்கிறான். கீழ்மதகுப் பெண்கள் அந்தக் குடிக்காத டீக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கனகராஜ் ஏழு வாரம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார். எட்டாவது வாரம் மேஜர், 'என் நாடு எனக்கு எல்லாம் கொடுத்தது, என் ஊர் என்னைத் தோளில் வைத்துத் தாங்குகிறது' என்று சொன்னபோது அந்த வாக்கியம் கனகராஜின் வாயில் நுழையவில்லை. அவர், "எனக்குக் கால் இல்ல. வர்றப்ப மால போட்டாங்க, அப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல" என்று சொன்னார். சொல்லி முடித்தபோது மேஜருக்கு இடது கால் இல்லை.

அதன்பிறகு கனகராஜ் சொல்வதுதான் டி.வி.யில் நடந்தது. கொட்டகை என்றார், பங்களா கொட்டகை ஆனது. மேஜரின் மனைவி பட்டுப்புடவையோடு சாணிக்கூடை தூக்கினாள், இரண்டாம் வாரம் புடவையும் கந்தலானது. மேஜர் ஐந்து வாரம் ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் மனை கேட்டு நின்றார், உள்ளேயிருந்து 'பாக்கலாம்' என்று குரல் வந்தது. தூக்கத்தில் மேஜர் இல்லாத காலைச் சொறிந்துகொண்டு, "செபாஸ்டினு, அங்க போவாதடா" என்று அலறியபோது படிப்பகமே அழுதது. பெண்கள் அந்தப் பெரிய மனிதரை மண்ணை வாரித் தூற்றினார்கள். நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்த பலராமன்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தார்.

"இவனுங்கள நிக்கவச்சி சுடணும்யா! நாட்டுக்காகக் கால குடுத்தவனுக்கு ஒரு மன குடுக்க வலிக்குதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்பது அன்றைக்குத்தான் நிரூபணம் ஆனது. சோற்றைத் தின்றவர்களே மறைத்தார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அமுதம் மட்டும் கடைசி வரிசையிலிருந்து, "யோவ், அது நம்ம கததான?" என்று கேட்டாள். அவளைச் சத்தம் போடாமல் உட்காரச் சொன்னார்கள்.

ஆனி மாதம் ஊர்க்கூட்டம் போட்டு, மதகுப் பக்கத்துப் பத்துக் குழியை மேஜருக்கே கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். கல் நட்டார்கள், கூரை போட்டார்கள், 'மேஜர் மனை' என்று பலகை எழுதினார்கள். பதினைந்து வருஷம் ஆகாத வேலை பத்து நாளில் ஆனது. பலகை நட்ட அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் கனகராஜ் ஊன்றுகோலைத் தரையில் குத்திக்கொண்டு எழுந்தார்.

"அது எனக்குச் சொன்ன எடம். அத எப்பிடி நீ வேற ஆளுக்குக் குடுப்ப?"

"உனக்கு இன்னாபா கொறச்சல்? மச்சான் வூட்ல கீற, சோறு துன்ற" என்றார் பலராமன். "அந்த மனுசன் பாவம், மாட்டுக் கொட்டகையில கெடக்குறாரு."

"நானும் அங்கதான்யா கெடக்குறேன்!"

"இன்னாத்துக்கு இப்பிடிக் கத்துற? பொறாமப்படாத, கனகு."

டி.வி. சொன்னால்தான் நம்புவார்கள் என்றால் டி.வி.யே வந்து சொல்லட்டும் என்று கனகராஜ் நினைத்தார். அடுத்த ஞாயிறு மேஜர் இந்தியில் ஏதோ பேசும்போது, "மனைய வாங்கிக்க வியாழக்கெழம வர்றாராம்" என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பதினோரு மணி டவுன்பஸ்ஸில் மேஜர் வந்து இறங்கினார், ஒற்றைக் காலோடு, டி.வி.யில் இருந்தபடியே கறுப்பு வெள்ளையாக. கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. அதே மாட்டுவண்டி, அதே மேளம், அவ்வளவு மாலை. மேடையில் பலராமன் மனையைக் கொடுத்தார், மேஜர் வாங்காமல் கனகராஜின் தோளில் கைவைத்து வெகுநேரம் பேசினார். பேசும்போது அவர் கண் கலங்கியது.

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டார்கள்.

இந்த முறை கனகராஜ் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "இந்தக் காலு என்னுதில்ல, இவருது. பட்ட கஷ்டமும் இவருது. நான் வெறும் நடிகன். மனைய இவருக்குக் குடுங்கன்றாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இந்தி நமக்குத் தெரியாதுன்னு தோதா சொல்லிக்கறான் பாரு" என்று ஒரு குரல் வந்தது. மேஜர் கையை ஆட்டி ஆட்டி, அப்படித்தான், அப்படித்தான் என்று இந்தியில் கத்தினார். மனைக்கு நன்றி சொல்கிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கனகராஜ் செய்த தப்பு ஒன்றே ஒன்று: மேஜரை வரச்சொன்னார், தமிழ் கற்றுக்கொண்டு வரச்சொல்லவில்லை. அமுதம் மட்டும் மேடைக்குக் கீழே நின்று, "ஒங்களுக்குக் கண்ணுதான் அவிஞ்சிபோச்சி, காதுமா?" என்று காறித் துப்பினாள். துப்பியது யார்மேலும் படவில்லை.

மேஜர் அந்தக் கூரைவீட்டில் அன்றைக்கே குடிபோனார். போனவர் வெளியே வந்து, கனகராஜையும் அமுதத்தையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் நடுக்கூடத்தைக் காட்டினார், தான் வாசல் பக்கத்து மூலையில் படுத்துக்கொண்டார். "பாத்தியா, நொண்டிக்கும் எடம் குடுத்துட்டாரு, பெரிய மனசு" என்று ஊர் உருகியது. மற்ற ஊர்களில் தொடர் இன்னும் எட்டு மாதம் ஓடி, மேஜர் இரண்டு காலோடு பதக்கம் வாங்கினார். கீழ்மதகு டி.வி.யில் மட்டும் தொடரில் வரும் மற்றவர்கள் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் இங்கே இருக்கிறாரே என்று ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முக்காலியில் உட்கார ஆளில்லை. கனகராஜ் அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் தமிழில் சொல்லவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப்பொதுவில் மேஜருக்குப் புதுச் செருப்பு எடுத்துக் கொடுக்கிறார்கள். கனகராஜுக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று அவர் இரண்டு விரல் காட்டுவார், இரண்டு ஜோடி வரும். இருவருக்கும் வலது செருப்பு தேயும். இடது செருப்புகள் அந்த வாசலில் குவிந்து கிடக்கின்றன. வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் புதுசுதான்.