பஸ்ஸுக்குப் போட்ட போக்கியம்

கருங்கல்மேட்டு மாதம்மாள் என் பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட் வாங்கப்போகிறவள் மாதிரி ஏற மாட்டாள். தன் நிலத்தில் வரப்பைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள் மாதிரி ஏறுவாள். சீட்டில் புதுக் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். யாராவது உள்ளே வெற்றிலை எச்சில் துப்பினால் அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுவாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஆரம்பத்தில் பதிலுக்குப் பதில் பேசிப் பார்த்தேன், அவள் கண்டுகொள்ளவே இல்லை.

தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி, கருங்கல்மேடு வழியாகப் பொம்மிடிக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. எட்டு வருஷமாக அதில் நான்தான் கண்டக்டர், ராஜப்பன் டிரைவர். மாதம்மாளின் ஒரே மகள் செல்லியைப் பொம்மிடியில் கட்டிக்கொடுத்திருந்தது. பஸ் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு மைல் நடந்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து வருவாளாம். பிறகு முட்டியும் தேய்ந்துவிட்டது. பஸ் வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள்.

அந்த அதிகாரத்துக்குக் காரணம் ஒரு பத்திரம். அறுபத்து நாலில் ஜீப்பில் வந்த அதிகாரிகள், அரசாங்கக் கடன் பத்திரம் வாங்குங்கள், அந்தக் காசில் ரோடு போட்டு பஸ் விடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாதம்மாள் நாலு ஆட்டை விற்று நூறு ரூபாய் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் பஸ்ஸும் வந்தது. எங்கள் பக்கத்தில் நிலத்தைப் போக்கியத்துக்கு விடுவார்கள். பணம் கொடுத்தவர் நிலத்தை உழுது அனுபவிக்கலாம், பணம் திரும்பி வந்த அன்று நிலத்தை விட்டுவிட வேண்டும். அரசாங்கம் பஸ்ஸைத் தனக்குப் போக்கியம் விட்டிருக்கிறது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அப்படியானால் டிக்கெட் எதற்கு எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் சீண்டினேன். போக்கிய நிலம் என்றாலும் விதைக்கும் ஏருக்கும் நாம்தானே செலவு செய்யவேண்டும் என்றாள். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மார்கழிக் காலையில் அந்த ரோட்டில் போவது தூக்கத்தில் போவது மாதிரிதான். பனியில் கேழ்வரகுக் கொல்லை, புளியமரம், மலை எல்லாம் கரைந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பால் மட்டும் இருக்கும். சக்கரம் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். நான் கம்பியில் சாய்ந்து அரைக்கண் மூடியிருப்பேன். செல்லியிடம் சொல்லவேண்டியதையெல்லாம் மாதம்மாள் முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் குரல் கேட்காத வெள்ளிக்கிழமை எனக்கு வெள்ளிக்கிழமையாகவே இருக்காது.

எழுபத்து நாலில் கடிதம் வந்தது. கெடு முடிந்தது, பத்திரத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளவும். ஊரில் மற்றவர்கள் ஓடிப்போய் வாங்கினார்கள். மாதம்மாள் பத்திரத்தைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்துவிட்டாள்.

"பணத்த வாங்கிக்கிட்டா வண்டிய வுட்டுடணும் தம்பி. அதானே மொறை?"

மூன்று மாதம் வெள்ளிக்கிழமைதோறும் நான் மல்லுக்கட்டினேன். இது போக்கியம் இல்லை, வெறும் கடன். பஸ்ஸைப் பிடுங்கி யாரும் கடன் அடைக்கவில்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் போடுகிற வரி, ஒவ்வொரு வண்டிக்காரனும் கட்டுகிற வண்டி வரி, அதிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு தர்மபுரி போகும் பஸ்ஸில் ஏறினாள்.

நல்லம்பள்ளியில் ராஜப்பன் டீ குடிக்க நிறுத்தினான். மாதம்மாளும் இறங்கிப்போய்ச் சேலம் ரோட்டோரம் நின்றாள். பனிக்குள்ளிருந்து லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து, மறுபடி பனிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன. இதுவுமா கொடுக்கிறது என்று கேட்டாள். இதுவும்தான் என்றேன். அடுத்ததற்கும் கேட்டாள். எத்தனை லாரிக்குத் தலையாட்டினேன் என்று நினைவில்லை. எனக்கே அவை ஒவ்வொன்றும் அவள் மடியில் எதையோ போட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது.

"நான் செல்லியப் பாக்கத்தான் இவங்க குடுக்கறாங்கன்னு இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கக்கா."

அவள் ஒரு லாரியைப் பார்த்துக் கைகூப்பினாள். ஏறத்தான் நிற்கிறாள் என்று நினைத்து அந்த டிரைவர் வேகத்தைக் குறைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. போ போ என்று அவனுக்குக் கையசைத்தேன். அன்று மதியம் வட்டியும் முதலுமாகப் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. டிப்போ பலகையில் உத்தரவு ஒட்டியிருந்தது. டீசல் விலையும் வரியும் ஏறிவிட்டதால் கருங்கல்மேடு தடம் கட்டுப்படியாகவில்லை, ஒன்றாம் தேதியிலிருந்து நிறுத்தம். இரண்டு தடவை படித்தேன். அவளுக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவளுக்குப் பணத்தைத் திருப்பிக்கொடுத்த அதே வரிதான் இந்த உத்தரவிலும் இருந்தது. அந்த வரியே பஸ்ஸையும் நிறுத்தும் என்பது மட்டும் அன்று என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

ராஜப்பனையும் என்னையும் ஒகேனக்கல் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தர்மபுரி ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாதம்மாள் வந்தாள். நல்லம்பள்ளி வரைக்கும் நடந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்திருக்கிறாள், முழங்கால் வரை புழுதி. செல்லியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முதலில் இந்தக் காரியம், அப்புறம் செல்லி என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை என் கையில் வைத்தாள். அதே நோட்டுகள், வாங்கிய அன்று மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அப்படியே இருக்குது, எண்ணிக்க. வண்டிய வுடச் சொல்லு."

"இத வாங்கறதுக்கு ஆளே இல்லீங்கக்கா."

"என்னை வாங்கச் சொன்னது நீதானே. நீயே வாங்கிக்க."

என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பணத்தின்மேல் மூடினாள். பிறகு படியேறி, முதல் சீட்டின் கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்தப் பஸ் பொம்மிடி போகாது என்று அவளுக்கும் தெரியும். ராஜப்பன் ஹாரன் அடித்தான். என்னால் விசில் ஊத முடியவில்லை.