ரெண்டு நாள் வேலை

ஹாஜா மைதீன் பாய்க்கு ஒரு பழக்கம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த அன்று முதல் குடத்தை மொண்டுவந்து தன் பழைய லாரியின் ரேடியேட்டரில் ஊற்றிவிடுவார். கலங்கலாக வரும் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ராசியாம். சாதி மதம் பாராமல் அந்தப் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. "அது பயிருக்குச் சோறு பாய், இஞ்சினுக்கு மண்ணு" என்று வலங்கைமான் சாலையில் பட்டறை வைத்திருந்த அடைக்கலசாமி வருஷா வருஷம் கத்துவான். யார் கேட்டார்கள்?

அந்தத் தை மாதம் லாரி மூன்று மைலுக்கு ஒருமுறை கொதித்து நின்றது. பாய் காலையிலேயே பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"நாளைக்கு வெள்ளன பண்ணை அறுப்புக்கு வெளியூர் ஆளுங்கள ஏத்தியாரணும்ப்பா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு."

அந்தப் பண்ணையில் அறுப்பை நிறுத்திவைத்திருந்தது அடைக்கலத்தின் தெருச் சனம். முன்னால் நின்றவன் அவன் தம்பி சவரிராஜ். கோட்டையில் ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியும், கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டால் மிராசுதாருக்கு முகம் சிவந்துவிடுகிறது. வெளியூர் ஆள் வந்து அறுத்துவிட்டால் தெருவே பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தது வீண்.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைப் பிரித்துப் பார்த்தான். குழாய்களில் வண்டல் இறுகிக் கிடந்தது. தகட்டுக் கம்பியால் குத்தி, சோடா கரைத்த வெந்நீரில் அலசி, தொட்டியை ஈயம் வைத்து ஒட்டினால் தீர்ந்தது. மதியத்துக்குள் முடிகிற வேலை.

"ரெண்டு நாள் ஆவும் பாய்" என்றான்.

தொழிலில் அவன் சொன்ன முதல் பொய் அது. பாய் அதை நம்பிப் பண்ணைக்குத் தகவல் சொல்லப் போனார். அடைக்கலத்தின் கைகளால் சும்மா இருக்க முடியவில்லை. குழாய்களையெல்லாம் அலசி முடித்துவிட்டான். தொட்டியை மட்டும் ஒட்டாமல் வைத்தான்.

மிராசுதார் காத்திருக்கவில்லை. லாரி இல்லை என்றதும் டிராக்டர் பெட்டியில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் திரட்டி, அன்று மதியமே வயலில் இறக்கிவிட்டார். மூன்று மணிக்கு சவரிராஜின் மனைவி காளியம்மாள் தலைவிரிகோலமாகப் பட்டறைக்கு ஓடிவந்தாள்.

"மாமா! வயல மறிக்கப் போன எடத்துல அவர அடிவயித்துல வெட்டிட்டாங்க மாமா! கயித்துக்கட்டில்ல தூக்கியாராங்க. வண்டிய எடுங்க!"

பண்ணையிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருந்த பாய் சாவியோடு எழுந்துவிட்டார். பிரித்துப் போட்ட ரேடியேட்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

அடைக்கலம் தரையில் உட்கார்ந்தான். ஈயம் உருகி விரல்களில் விழுந்தது. அதை உதறக்கூட அவன் நிற்கவில்லை. தொட்டியை ஒட்டினான், தூக்கி மாட்டினான், ஓஸ் குழாய்களைக் கம்பியால் முறுக்கினான். கட்டில் வந்து சேர்ந்தது. தம்பி முனகுவது காதில் விழ விழ வேலை செய்தான். முக்கால் மணி ஆயிற்று.

கும்பகோணம் வரை லாரி ஒரு தடவைகூடச் சூடேறவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது சவரிராஜ் அண்ணன் மடியிலேயே அடங்கிவிட்டான்.

மறுநாள் மாலை கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்தார்கள். பாய் ஓரமாக நின்று எல்லோரிடமும் தழுதழுத்தார்.

"ரெண்டு நாள் வேலைங்க. தம்பிக்காக முக்கா மணியில முடிச்சான். மனுசனால ஆவுற காரியமா?"

காளியம்மாள் எழுந்து வந்தாள். கொப்பளித்துக் கிடந்த அடைக்கலத்தின் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்களால ஆனத செஞ்சீங்க மாமா."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அது ரெண்டு நாள் வேலை இல்லம்மா. நேத்து மதியத்துக்குள்ளயே முடிச்சிருப்பேன். வேணும்னுதான் முடிக்கல."

காளியம்மாள் அவன் கைகளை இன்னும் விடவில்லை.

"யாருக்காக மாமா?"

"சவரிக்காகத்தாம்மா" என்றான் அடைக்கலம்.