மச்சானின் ரத்தம்

பஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங்கை விட்டால் வேறு கதி ஏது? அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நல்ல சாக்கு!

அவன் அண்ணன் நாற்பது வயதில், செருப்பு மாட்டக் குனிந்தவன், நிமிரவே இல்லை. இதயத் தசை தடித்திருந்ததாம், பரம்பரையாக வருகிற கோளாறாம். கூடப் பிறந்தவனும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், முடிவை டிப்போவில் காட்ட வேண்டும் என்றார்கள். கோளாறு இருந்தால் பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? மனைவியின் தம்பியை, குழாய் வேலை பார்க்கிற மச்சானை, தன் பெயரில் அனுப்பிவைத்தான். ஆய்வுக்கூடத்தில் பெயரைக் கேட்டார்கள், பிறந்த தேதியைக் கேட்டார்கள். முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிவு வாங்க மட்டும் இவனே போனான். “உங்ககிட்ட அந்தக் கோளாறு இல்ல. அதனால பிள்ளைங்களுக்கு டெஸ்டே வேணாம்,” என்றார் டாக்டர். இவனுக்கு வாயெல்லாம் பல். பிள்ளைகள் என்ற சொல் அவன் காதில் ஏறவே இல்லை.

மூத்த மகள் ஓட்டக்காரி. இரண்டு வருஷம் கழித்து, பள்ளி மைதானத்தில் எல்லோரையும் முந்தி வந்தவள், கோட்டைத் தொடுமுன் விழுந்தாள், எழவே இல்லை. பதினைந்து வயது. பாவி, தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான்.

ஒரு மாதம் கழித்து அதே டாக்டர் அறை. “மூத்தவளுக்கும் அவ பெரியப்பாவுக்கு இருந்த மாதிரியேதான். ஆனா அப்பாகிட்ட இல்லையே. அம்மா வழியாவும் வரலாம், பாத்துடலாம்.”

“என் ரத்தமா டாக்டர்? நானா என் புள்ளையக் கொன்னேன்?” மனைவி கையை நீட்டினாள். “எடுங்க, எவ்வளவு வேணுமோ எடுங்க.”

வாசலில் நின்ற மச்சான் தரையையே பார்த்தான். இவனுக்கோ அப்போதும் முதலில் பஸ்தான் நினைவுக்கு வந்தது. சீ!

நர்ஸ் மனைவியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். மடியிலிருந்த சின்னவள் கேட்டாள்: “அம்மா, எனக்கும் ஊசி போடுவாங்களா?”

“என் பொண்டாட்டிய விடுங்க,” என்றான் அவன். “அன்னைக்குக் குடுத்தது என் ரத்தம் இல்ல.”

மனைவி கத்தவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. தம்பியைப் பார்த்தாள்.

“நீயாடா போன?”

தம்பி ஆமென்று தலையசைத்தான்.

“நல்ல ரத்தம்டா நமக்கு,” என்றாள். கையில் கட்டியிருந்ததை அவளே அவிழ்த்தாள். சின்னவளின் சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்தக் கையை நர்ஸிடம் நீட்டினாள்.

“இவளுக்கு எடுங்க.”

சின்னவள் அழத் தொடங்கினாள்.