வெள்ளைக் களி

மகன் ரெக்சன் செத்த கிணற்றை மூடுவதற்கு ஆடி மாதத்தில் ஜேசிபி வந்தது. அன்றைக்கும் மூடவில்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணப்பாட்டில் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மருமகள் எமில்டா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவளும் பேத்தியும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

நான் தோணியில் போனவன். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிப் போவோம். மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகனுக்கும் தெரியாது. தேரிச் செம்மணல் மேட்டு ஓரத்தில் இடம் மலிவாகக் கிடைத்தது என்று வீடு கட்டினோம். பிறகு கிணறு வெட்டினோம். மேலே செம்மணல், நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும். அதற்குச் சிமெண்டு உறை இறக்க வேண்டும். அதற்குக் கீழே கெட்டிச் செம்மண். அது வந்ததும் இந்தப் பக்கத்தில் எல்லாரும் உறையை நிறுத்திவிடுவார்கள். தானே நிற்கும் என்பார்கள். நிற்கவும் செய்யும். ரெக்சனும் நிறுத்தினான்.

அதற்கும் கீழே வெள்ளையாகக் களி வந்தது. ஈரமாக இருக்கிறது, தண்ணீர் கிட்ட வந்துவிட்டது என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தான். அந்தக் களி வழுக்கி, சுவரோடு அவன்மேல் இறங்கிவிட்டது. வெளியே எடுத்தபோது சுண்ணாம்பு அடித்தது போலக் கிடந்தான். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசிக்கும், சாப்பிடுவேன்.

ஜேசிபி ஓட்ட வந்தவன் பிச்சையா. ரெக்சனைத் தோண்டி எடுத்ததும் அவன்தான். அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது ஒரு ஜீப் வந்தது. கண்ணாடி போட்ட ஒருத்தன் இறங்கி ஓடிவந்தான்.

“கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி. நான் கிளாட்வின், சாத்தான்குளத்துக்காரன்தான். பெங்களூர்ல பழைய மண்ணைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதேன். உங்க கிணத்துல வெள்ளைக் களி வந்துச்சின்னு சொன்னாங்க. மூடுமுன்ன அதைக் கொஞ்சம் எடுத்துக்கிடுதேன்.”

நான் நம்பவில்லை. முதலில் ஒரு கைப்பிடி மண் கேட்பார்கள், பிறகு மண் அள்ள லாரி வரும். இந்தக் கடற்கரையில் பார்க்காததா.

“கொஞ்சம் களிதான வேணும்? அந்தா குவிச்சுக் கெடக்கு, அள்ளிட்டுப் போ.”

“அது கலந்துபோச்சு அண்ணாச்சி. சுவர்ல இருக்கபடி, மேல எது, கீழ எதுன்னு பாத்து எடுக்கணும்.”

“எதுக்கு?”

“செவ்வாய்க் கிரகத்துல இதே மாதிரி வெள்ளைக் கல்லு கெடக்கு.”

பிச்சையா இருக்கையிலிருந்தே கேட்டான். “செவ்வாய்க்கு எந்த பஸ்ஸு? திருச்செந்தூர்ல எறங்கி மாறணுமோ?”

கிளாட்வின் கோபப்படவில்லை. போனில் படம் காட்டினான். செக்கச் சிவந்த தரை, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்த கல்.

“இது தேரிதான?” என்றேன்.

“இல்ல. அங்கன போன வண்டி எடுத்த படம்.”

“ஓட்டுனது யாரு?”

“ஆளில்லாத வண்டி.”

“ஆளில்லாத வண்டி எடுத்த படத்தை நான் நம்பணும்.”

அவன் விடாமல் சொன்னான். கல்லில் மழை ஊறி ஊறி, லட்சக்கணக்கான வருஷம் ஊறி, அதில் உள்ள சத்தெல்லாம் கரைந்து போனால்தான் இப்படி வெள்ளைக் களி ஆகுமாம். நம் களி அப்படி ஒரு காலத்தில் ஆனதாம். பிறகு செம்மண்ணும் மணலும் அதை மூடிவிட்டதாம். இங்கே எது கரைந்தது, எது மிஞ்சியது என்று தெரிந்தால், அங்கே கிடக்கிற கல் எவ்வளவு மழை பார்த்தது என்று கணக்குச் சொல்லலாமாம்.

“என்னைக்கோ இங்கன பெஞ்ச மழையில எம் மவன் செத்தான். அங்கன யாரு செத்தா?”

அவன் தரையைப் பார்த்தான். “ஆள் செத்த கிணறுன்னு எனக்குச் சொல்லல அண்ணாச்சி.”

“மூடுலே பிச்சையா” என்றேன்.

வண்டி உறுமியபோது எமில்டா வெளியே வந்தாள். ரெக்சனை எடுத்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள்.

“அது ஏன் விழுந்துச்சு?” என்று கிளாட்வினிடம் கேட்டாள்.

“மேல உள்ள செம்மண்ணை இரும்புச் சத்து இறுக்கிப் பிடிச்சிருக்குக்கா. வெள்ளையில அது எல்லாம் கரைஞ்சு போச்சு. நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும்.”

“உறை போட்டிருந்தா?”

“சுவரைப் பாக்காமச் சொல்ல முடியாது.”

“பாத்துச் சொல்லுங்க.”

அவனைக் கிணற்றுக்குள் இறங்கப் பிச்சையா விடவில்லை. “இன்னொரு ஆளையும் நான் தோண்டி எடுக்கணுமா?” என்று திட்டிவிட்டு, ஒரு பக்கத்தைப் படிபடியாக வெட்டி, சரிவாக வழி எடுத்துக் கொடுத்தான். சுவர் தெரிந்தது. மேலே சிவப்பு, பிறகு சிவப்பும் வெள்ளையும், பிறகு வெறும் வெள்ளை. கிளாட்வின் ஒவ்வொன்றிலும் கட்டி எடுத்து டப்பாவில் போட்டு எழுதினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எமில்டாவிடம் வந்தான். “உறை கீழ வரைக்கும் எறங்கியிருந்தா நின்னிருக்கும்க்கா.”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவன்.

எமில்டா தலையை ஆட்டினாள். “இந்தக் களி கிணத்துல மட்டுந்தானா? வீட்டுக்கு அடியிலயும் இருக்கா?”

“இந்தப் பக்கம் பூராவும் இருக்கும்னு நெனைக்கேன். ஆனா ஆழத்துல கெடக்கு, வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

பிச்சையா மண்ணைத் தள்ளிக் கிணற்றை மூடி, மேலே வண்டியை ஏற்றி இறக்கி இறுக்கினான். நான் வாசலுக்குப் போனேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டு, பையைக் கையில் எடுத்திருந்தாள்.

“அதான் மூடியாச்சே ஏளா.”

“மூடியாச்சு மாமா. படுத்தா அடியில அந்தக் களிதான் கெடக்குன்னு இருக்கும். திருவிழாவுக்கு நீங்க அங்கன வாங்க. நாங்க இங்கன வரல.”

கிளாட்வின் ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். அவனை நான் நம்பவில்லை. ஆனாலும் கடைசி பஸ் போய்விட்டது. பின் சீட்டில் இருந்த டப்பாக்களை ஒதுக்கி இடம் செய்தான்.

“வாரேன் மாமா” என்றாள்.

“சரி” என்றேன்.

ஜீப் போன பிறகு பிச்சையா டீ கேட்டான். தேயிலையை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. வெந்நீரில் கருப்பட்டியைப் போட்டுக் கொடுத்தேன். அவன் அதையே டீயாகக் குடித்தான்.