தபால்காரர் கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாய் திறந்திருந்த நேரத்தில் கிடைத்தது. டார்லா கெட்ஸ் எங்கள் ஊர் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். கருவியை உள்ளே விட்டுப் பல்லைச் சுரண்டிக்கொண்டே முழுக் கதையையும் சொன்னாள். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆகவே சந்தேகம் வரும் இடங்களில் நானே இட்டு நிரப்பியிருக்கிறேன்.

அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து ரசிகர்கள் கூடி, அணிக்கு வரக்கூடிய பள்ளிப் பையன்களுக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டு வம்பளக்கும் இணையதளத்தில், 'மேல்வரிசைக் கிழவன்' என்ற புனைபெயரில் யாரோ எழுதியது:

"ரீட் கெட்ஸ். எல்லாரும் மூன்று நட்சத்திரம் என்கிறார்கள். நான் இரண்டுதான் தருவேன். கை நல்ல கை. ஆனால் தபால்காரர் கால். நமக்கு வேண்டாம்."

ரீட் டார்லாவின் மகன். ஒட்டியது அவன்தான். தினமும் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் ஓடப் போவானாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பதினேழாம் எண் சட்டைக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே வந்தபோது, அரங்கமே

(அடித்துவிட்டேன். பள்ளி ஆட்டத்தில் பதினேழு கிடையாது. தவறு செய்தவனின் எண்ணை நடுவர் விரல்களால் காட்ட வேண்டும் என்பதால் ஐந்துக்கு மேற்பட்ட இலக்கம் சட்டையில் வராது. பதினெட்டு வருடம் அமெரிக்காவின் இந்தியானாவில் குப்பை கொட்டியும் எனக்கு இது தெரியவில்லை. சொன்னவர் வெர்னன் ஸ்டக்கி. கதாபாத்திரமே வந்து திருத்தினால் எழுதுகிறவனுக்கு என்ன மரியாதை?)

ரீட் இனிமேல் பதினைந்து.

3

வெர்னனைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பையன் முழங்கையை மடக்கும் விதத்தைப் பார்த்தே அவன் எந்தக் கல்லூரிவரை தேறுவான் என்று சொல்லிவிடுவார். அம்மாவின் உயரத்தைப் பார்த்து, மகன் இன்னும் எத்தனை அங்குலம் வளர்வான் என்றும் சொல்வார். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி ஆட்டத்தில் டார்லாவுக்குப் பக்கத்து இடம் அவருடையது. மனைவி இறந்த பிறகு, அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் அவருக்கு வேறு கிழமை கிடையாது.

மேல்வரிசைக் கிழவன் அவர்தான்.

ஏன் எழுதினார்? இந்த இடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். மனிதரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பொறாமை என்று எழுதினேன், சிரிப்பு வந்தது. பிறகுதான் புரிந்தது. உள்ளூர்ப் பையனுக்குப் பாசத்தில் கூடுதலாகப் போடுவதை அந்த இணையதளத்தில் 'ஊர்ப்பிள்ளை நட்சத்திரம்' என்று சொல்லிக் கிழிப்பார்கள். வெர்னன் அதை ஒருநாளும் போட்டதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ரீட் விஷயத்தில் அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

4

கல்லூரி அணியில் ஓர் இடம்தான் மிச்சம். ரீடுக்கா, சிகாகோவிலிருந்து வரும் நான்கு நட்சத்திரப் பையனுக்கா என்று ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பயிற்சியாளர் போனில் சொல்வதாக ஏற்பாடு. சர்ச் முடிந்ததும் சாப்பிட வரச் சொல்லி வெர்னனை டார்லா அழைத்தாள். அவர் சுகர் க்ரீம் பை என்கிற அந்த ஊர் இனிப்புப் பலகாரத்தோடு போனார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பயம்.

ரீட் முன்னறையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பலகாரத்தை உள்ளே வைக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போன வெர்னன், தான் எழுதியதற்கு முன்னால் நின்றார்.

"இதை எழுதின ஆளு யாருன்னு நெனைக்கிறீங்க?" என்றாள் டார்லா.

யாரோ வேலையத்தவன் என்றார் வெர்னன்.

"முப்பது வருஷமா இந்த ஊர்ல, மெதுவா நடக்கிறவனையெல்லாம் தபால்காரர் கால்னு சொல்றது ஒரே ஒரு ஆளுதான் வெர்னன்."

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. எப்போது தெரியும் என்று கேட்டார். அக்டோபரிலேயே என்றாள்.

"அப்புறம் ஏம்மா எனக்கு எடம் போட்டு வெச்சே?"

"எந்த வெள்ளிக்கெழமையாவது வாயத் தெறப்பீங்கன்னுதான்."

வெர்னன் பலகாரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. "மொதல்ல மூணுதான் போட்டிருந்தேன்," என்றார். "உம் பையங்கிறதால ஒண்ணக் கொறச்சேன். பாசத்துல போட்டேன்னு எவனாவது சொல்லிருவான்னு."

"ஊரான் பிள்ளையா இருந்தா மூணு கெடைச்சிருக்கும்," என்றாள் டார்லா.

முன்னறையில் போன் அடித்தது. ரீட் எடுத்தான்.

5

முடிவு ஒன்று: ரீடுக்கு இடம் கிடைக்கிறது, மூன்று பேரும் பலகாரத்தை வெட்டுகிறார்கள். முடிவு இரண்டு: சிகாகோ பையனுக்குக் கிடைக்கிறது, அப்போதும் வெட்டுகிறார்கள், ஆனால் யாரும்

(வேண்டாம். பயிற்சியாளர் என்ன சொன்னார் என்பது ஊருக்கே தெரியும். எந்தக் கடையில் விசாரித்தாலும் சொல்வார்கள்.)

எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய அரை நிமிடம். ரீட் "ஆமா சார், ஆமா சார்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரத்தில், டார்லா அந்தக் காகிதத்தை உருவி மேஜைமேல் வைத்தாள். மளிகைக் குறிப்பு எழுதும் பேனாவை வெர்னனிடம் நீட்டினாள்.

"கோச் சொல்றது நம்ம காதுல விழறதுக்குள்ள உங்க நட்சத்திரத்தப் போடுங்க."

வெர்னன் போட்டார். காகிதம் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. போன வாரம் தண்ணீர் குடிக்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

பேனா இப்போது உங்கள் கையில். ரீடின் ஆட்டத்தை நீங்கள் பார்த்ததே இல்லை, தெரியும். அந்த இணையதளத்தில் பாதிப் பேரும் அப்படித்தான். ஒரே ஒரு வேண்டுகோள். டார்லாவின் மகன் என்பதற்காகக் கூட்டாதீர்கள். அதற்காகக் குறைக்கவும் குறைக்காதீர்கள்.