வெறும் வயிறு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருஷத்து நோன்பு அது. பெருநாள் நெருங்க நெருங்கக் காத்தான்குடித் தறிகளுக்கு ஓய்வே இல்லை. மிதித்து மிதித்து நெசவாளி உசனாருக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. பட்டணத்துக் கடையில் அஸ்பிரின் குளிசை வாங்கி வந்தார். போட்டதும் நோவு போன இடம் தெரியவில்லை. அட, இப்படியும் ஒரு மருந்தா என்று அவர் மனைவி ஸஹீதா வாய் நிறைய அல்லாஹ்வைப் புகழ்ந்தாள்.

கஷாயத்தை வெறும் வயிற்றில்தானே குடிப்பார்கள்; குளிசைக்கு மட்டும் வேறு சட்டமா? நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீரோடு குளிசையைத்தான் முதலில் நீட்டுவாள்.

"பகல் முழுக்கக் காஞ்ச வயிறு மச்சான், நல்லாப் பிடிக்கும்."

கொஞ்ச நாளில் வயிறு எரிந்தது. மலம் தார் போலக் கறுத்துப் போவதை உசனார் வெட்கத்தோடு சொன்னார். ஸஹீதா சிரித்துவிட்டாள். முழங்காலுக்கென்று கருஞ்சீரகத்தை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"கருஞ்சீரகம் திண்டா வெள்ளையாவா போகும்? கெட்டதெல்லாம் கழியுது. பேசாம இரிங்க."

ஆள் வெளுத்துக்கொண்டே போனார். எழுந்தால் தலை சுற்றியது. நோன்பை விடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். மனுஷன் கேட்டால்தானே! ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் தறியிலேயே சரிந்து, கோப்பிச் சக்கை மாதிரிக் கறுப்பாக வாந்தியெடுத்தார்.

பக்கத்து வீட்டு முகைதீன்பாவா மாட்டு வண்டியைக் கட்டினார். வாவிக்கரை வழியே வண்டி குலுங்கிய குலுக்கலில் உசனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். ஸஹீதாவுக்குத் தாங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த குளிசைகளை அவர் வாயில் போட்டுத் தண்ணீர் பருக்கினாள்.

ஆசுபத்திரியில் டாக்குத்தர் அவர் கண்மடலை இழுத்துப் பார்த்தார். பொட்டு இரத்தமில்லை.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

ஸஹீதா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தக் குளிசை சிலருக்கு வயித்தைப் புண்ணாக்கும் எண்டு இப்பதான் சீமையில எழுதுறாங்க. வெறும் வயித்தில போட்டா கேக்கவே வேணாம். உள்ளுக்கு இரத்தம் கசியுது. கடைசியா எப்ப குடுத்தீங்க?"

அவள் அவிழ்ந்த முந்தானை நுனியைப் பற்றிக்கொண்டாள். "வரக்குள்ள... வண்டியில... நான்தான்."

டாக்குத்தர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்புங்க" என்று மட்டும் முகைதீன்பாவாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஸஹீதா விம்மினாள். என் கையாலேயே, யா அல்லாஹ், என் கையாலேயே!

சத்தம் கேட்டு உசனார் கண் திறந்தார். அவளைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"நோகுது புள்ள. வண்டியில தந்தியே, அதுல இன்னும் ஒண்டு தா."

"பொறுங்க மச்சான், தாறன்" என்றாள். வேறென்ன சொல்வாள், பாவி!

அவர் அவளை நம்பி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.