ஸ்கெல்டர்பி நாய் விடுதியின் மேல்முறையீடு

கிளெனிஸ் தாக்ரேயின் நாய் விடுதியில் நாய் குரைத்தால் சத்தம் அங்கே கேட்காது. அந்த நேரத்தில் அதன் சொந்தக்காரர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் கேட்கும். எங்கள் ஊரான ஸ்கெல்டர்பியின் மேற்குக் கோடியில், ஆடுகள் மேயும் நிலத்தை ஒட்டி, வெளியூர் போகிறவர்கள் விட்டுப்போகும் நாய்களைப் பன்னிரண்டு வரை வைத்துப் பார்த்துக்கொள்ள உரிமம் பெற்று விடுதியைத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும் இது வெளியே தெரியவில்லை. தன்னிடம் வருகிற நாய்களெல்லாம் வாயைத் திறந்து மூடும் சாதுக்கள் என்று கிளெனிஸ் நினைத்தார். சொந்தக்காரர்களோ ஸ்பெயின் கடற்கரையிலும், ஓட்டல் லிஃப்டிலும், ஒருவர் தன் மகளின் திருமணத்தில் மோதிரம் மாற்றும் நேரத்திலும், தங்கள் நாயின் குரலைத் தெளிவாகக் கேட்டார்கள். கேட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. நல்ல பெண்மணியைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் வீடு தீப்பிடித்தாலும் அடுத்த வீட்டுக் கதவை இரண்டு முறைக்கு மேல் தட்ட மாட்டார்கள்.

ஏழாம் ஆண்டு, உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சி ஆய்வாளர் டெஸ்மண்ட் பெல் வந்தார். அறைகளை அளந்தார், தண்ணீர்க் கிண்ணங்களைத் தொட்டுப் பார்த்தார், நாய்களை ஓடவிடும் நேரப் பதிவேட்டைப் படித்தார். எல்லாம் ஐந்து நட்சத்திரத்துக்கு உரியவை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு நாய்களில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. தொண்டையில் கோளாறு இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த கடிதமே கிளெனிஸுக்கு எதிராகத் திரும்பியது. கோளாறு இல்லாத நாய் குரைக்காவிட்டால் அது பயந்து கிடக்கிறது என்று பொருள். இயல்பாக இருக்க விடாத இடத்துக்கு ஒரு நட்சத்திரம்தான். மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள், சனி ஞாயிறும் அதில் சேர்த்தி. அதற்குள் காரணம் விளங்காவிட்டால் உரிமமே போய்விடும் என்றார். டெஸ்மண்ட் கெட்டவர் அல்ல. காதில் விழாததை எழுத அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"ஒரு நட்சத்திரமா? அத வாசல்ல வேற மாட்டணுமாக்கும்?" என்று கேட்டார் கிளெனிஸ்.

"மாட்டியே ஆகணும். எல்லார் கண்ணுலயும் படற மாதிரி."

"சரி கண்ணு, மாட்டிடறேன். டீயக் குடிச்சிட்டுப் போங்க, ஆறுது."

கிளெனிஸ் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், வரி கேட்டு வருகிறவரையும்கூட.

ஒரு நட்சத்திரம்தான் என்பதை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருப்பார். ஆனால் அன்று மாலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. விடுதியில் அப்போது கிரேவி என்ற கிழட்டு டெரியர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் குழம்பின் நிறம். அதன் சொந்தக்காரர் வில்ஃப் ஸ்டோக்டேல், முன்னாள் பேருந்து ஓட்டுநர், வேறு ஆளில்லாதவர். பக்கவாதம் வந்து பேச்சை இழந்து நாற்பது மைல் தள்ளி மருத்துவமனையில் கிடந்தார். அழைத்தவர் அந்த வார்டின் தலைமைச் செவிலி. தயங்கித் தயங்கித்தான் பேசினார்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நாய் தெனம் நாலு மணிக்கு எங்க வார்டுல குரைக்குது. நிறுத்தச் சொல்லல. அந்தச் சத்தம் கேட்டாத்தான் பெரியவர் கண்ணத் தொறக்கறாரு. கையத் தட்டிக் கூப்பிடறாரு. அப்பத்தான் ரெண்டு வாய் கஞ்சி உள்ள போகுது. அதனால, தயவுசெஞ்சு, நிறுத்திடாதீங்க."

ஆறு ஆண்டுகளின் மௌனம் கிளெனிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. உரிமம் போனால் கிரேவியை வேறு விடுதிக்கு அனுப்புவார்கள். வேறு விடுதிகளில் நாய் குரைத்தால் சத்தம் அந்த வேலியைத் தாண்டாது. வில்ஃப் கண் திறப்பதற்காக அவர் மேல்முறையீடு எழுதினார். தபால் நிலையத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார்: விடுமுறையில் தங்கள் நாயின் குரலைக் கேட்டவர்கள் நாளும் நேரமும் குறித்துத் தரவும். முதல் நாள் ஒரு கடிதம். அடுத்தவரும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரே எழுதியது. பதினெட்டு நாளில் நாற்பத்து மூன்று கடிதங்கள், ஒவ்வொன்றும் மன்னிக்கவும் என்று தொடங்கியது.

மேல்முறையீட்டை முதலில் வந்த அதிகாரி விசாரிக்கக் கூடாது என்பது விதி. அதனால் நகராட்சியிலிருந்து இன்னோர் ஆய்வாளர், மிஸ் அன்வின் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து நாற்பத்து மூன்றையும் முழுதாகப் படித்தார். படிக்காமல் புரட்டியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பொறுமைக்காகவே அவர் மீது எனக்குப் பெரிய மதிப்பு. பிறகு முற்றத்துக்கு வந்து சொன்னார்: "நான் நம்பறேன் மிசஸ் தாக்ரே. ஆனா என் காதால கேட்டாத்தான் எழுத முடியும். ஒண்ணே ஒண்ணு போதும்."

"சொந்தக்காரங்க இங்க இல்லையே கண்ணு. அவங்க இருக்கற இடத்துலதான கேக்கும்?"

மிஸ் அன்வின் பேனாவை மூடப் போனார். முற்பகல் பதினொன்று இருபதுக்குக் கிரேவி எழுந்து நின்று, கிளெனிஸைப் பார்த்துக் குரைத்தது. முற்றம் அதிர்ந்தது. அந்த இடத்தில் குரைப்பையே கேட்டறியாத மற்ற பதினொரு நாய்களும் காதை நிமிர்த்தித் திரும்பின. மிஸ் அன்வின் முகம் மலர்ந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். கிளெனிஸ் மட்டும் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். நாய் வந்து அவர் மடியில் தலையை வைத்தது.

"வில்ஃப் போயிட்டாரு" என்றார்.

எட்டு நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது. தலைமைச் செவிலிதான். பதினொன்று இருபது என்றார்.

 மிஸ் அன்வின் படிவத்தில் தங்கியிருக்கும் நாய்கள் பன்னிரண்டு என்றிருந்ததை அடித்துப் பதினொன்று என்று திருத்தி, அடியில் விடுதி உரிமையாளரின் சொந்த நாய் ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். சத்தம் என்ற கட்டத்தில், இங்கே இல்லை, உரியவரிடம் கேட்கவும் என்று போட்டார். ஐந்து நட்சத்திரம், மூன்று ஆண்டு உரிமம். டெஸ்மண்ட் பெல் தானே அந்தச் சான்றிதழைச் சட்டமிட்டுக் கொண்டுவந்து வாசலில் மாட்டினார். அடுத்த கோடையில் தன் ஸ்பானியலையும் அங்கேயே விட்டுப் போனார்.

இப்போதும் கிளெனிஸ் நாலு மணிக்கு இறைச்சிக் கடை வரிசையில் நின்றிருந்தால், கொத்துக்கறிக்கும் எலும்புக்கும் நடுவே எங்கிருந்தோ கிரேவி குரைப்பது எல்லோருக்கும் கேட்கிறது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "கிளெனிஸ், உங்காளு கூப்பிடறான்" என்கிறார். முன்னால் நிற்பவர்கள், வரிசை தாண்டினால் சொந்த அம்மாவையும் மன்னிக்காத எங்கள் ஊர்க்காரர்கள், ஆளுக்கு ஓர் அடி ஒதுங்கி அவரை முதலில் அனுப்பிவிடுகிறார்கள்.